பழுதான பம்பு ஒன்று

எங்கள் தெருவில் ஒரு படைப்பாளி குடியிருக்கிறார் என்பது கலை மன்றத்தார் வந்து சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. அவர்கள் வந்த நேரத்தில் அவர் ஒரு மிக்சி மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, உருண்டுபோன திருகாணியைத் தேடி மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

அவர் மோட்டார் மெக்கானிக். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஓர் அறை. அந்த அறையில் அவருடைய அக்கா இருக்கிறார். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஏழு வருடமாகக் கட்டிலில்தான் வாசம். கட்டிலில் சாய்ந்தபடியே ஒரு சட்டைக் கம்பெனிக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு அறுபது சட்டை. வாய் மட்டும் அறுபது ஆளுக்குச் சமம். நான் அவர்களுக்கு மேல்மாடியில் குடியிருப்பவன். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஆகையால் இந்தக் கதையில் எழுத்துப்பிழை இருக்காது. மற்ற பிழைகளுக்கு மன்றமே பொறுப்பு.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் மழைத்தண்ணீர் தெருக்கோடியில் இருந்த குட்டைக்குப் போய்விடும். குட்டையைத் தூர்த்து அதன் மேல் மன்றத்தின் கட்டடம் எழும்பிய பிறகு, தண்ணீர் போக்கிடம் தெரியாமல் எங்கள் வீடுகளுக்கு வர ஆரம்பித்தது. ஒவ்வொரு மழைக்கும் அது எவ்வளவு ஏறியது என்று மெக்கானிக் தன் கடைக் கதவில் பெயிண்டால் கோடு போட்டு வருடத்தையும் எழுதிவைப்பார். அவற்றில் ஒரே ஒரு கோடு சிவப்பு. அதற்கு வருடம் கிடையாது. அது அக்காவின் கட்டில் உயரம். தண்ணீர் அதை நெருங்கினால் நாலு ஆண்பிள்ளைகள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும் என்பது எங்கள் தெருவின் சட்டம்.

அப்படி ஓடி வர ஒருமுறையும் நேர்ந்ததில்லை. காரணம், பெரியவர். பெரியவர் என்பது ஒரு டீசல் பம்பு. மூன்று பழைய பம்புகளைப் பிரித்து மெக்கானிக் ஒன்றாகச் சேர்த்தது. மழை நாளில் எங்கள் தெருவில் கரண்ட் இருக்காது. ஹேண்டிலைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கிளம்புமுன் நாலு தடவை இருமும், கறுப்பாகப் புகை விடும், அப்புறம் நாள் முழுக்கத் தண்ணீரை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கால்வாய்க்குத் தள்ளும். "பெரியவர் இருமிட்டாரு!" என்று யாராவது கத்தினால் நாங்கள் நிம்மதியாக டீ போடப் போய்விடுவோம்.

மன்றத்திலிருந்து வந்தவர் கண்காட்சி ஒருங்கிணைப்பாளர். படித்த பெண், இளகின மனசு. எதைப் பார்த்தாலும் "ஐயோ!" என்பார். துருப்பிடித்த இரும்புக்கு ஓர் ஐயோ, ஈரம் ஏறிய சுவருக்கு ஓர் ஐயோ. தெரு அன்றைக்கே அவருக்கு ஐயோ மேடம் என்று பெயர் வைத்துவிட்டது. சாக்குப் போர்த்தி மூலையில் கிடந்த பெரியவரைப் பார்த்ததும் அவருக்கு இரண்டு ஐயோ வந்தது.

"ஐயோ, ஐயோ! இத நீங்களே செஞ்சீங்களா?"

"ஆமா மேடம். பாடி ஒண்ணுது, என்ஜின் இன்னொண்ணுது."

"எது உங்கள இதச் செய்யத் தூண்டிச்சு?"

"தண்ணி வந்துச்சு."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை எளிமையாக இதுவரை எந்தக் கலைஞரும் தன்னிடம் பேசியதில்லை என்றார். பருவநிலை மாற்றத்துக்கும் சுற்றுச்சூழல் அழிவுக்கும் கலைஞர்களின் எதிர்வினை என்ன என்று மன்றம் மாபெரும் கண்காட்சி நடத்தப்போவதாகவும், அதில் இந்த பம்பு நடுநாயகமாக நிற்க வேண்டும் என்றும் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். பதினோரு பக்கம். ஒன்பதாவது பக்கத்தில், 'மழைக்காலம் தொடங்குவதற்குள் படைப்பு திருப்பித் தரப்படும்' என்று இருந்தது. மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். பிழை ஏதும் என் கண்ணில் படவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் குத்துகிறது.

மெக்கானிக் அப்போதும் தயங்கினார். உள்ளேயிருந்து அக்காதான் குரல் கொடுத்தார்.

"குடுத்துட்டுப் போடா. வருஷம் பூரா சாக்கப் போத்திக்கிட்டுக் கெடக்குது. நாலு பேரு பாக்கட்டுமே. மெக்கானிக்கோட அக்கா, மெக்கானிக்கோட அக்கான்னு கேட்டு எனக்கும் அலுத்துப்போச்சு."

கையெழுத்துப் போட்டார். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். 'படைப்பாளி' என்று இருந்தது. அக்கா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா படைப்பாளி, அந்த மிக்சி என்னாச்சு?" என்று கேட்டார்.

கண்காட்சியின் விளக்கப் புத்தகம் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. பிழை திருத்துவது என் வேலை. பொருள் திருத்துவது இல்லை. ஆனாலும் படிக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் படைப்பு ஒரு பனிப்பாறை. துருவத்துக்குப் பக்கத்திலிருந்து விமானத்தில் வந்தது. பார்வையாளர் கண்ணெதிரே அது உருகி நம் மனசாட்சியை நனைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மன்றத்தின் ஏசியில் அது உருக மறுத்துவிட்டது. ஏசியைக் குறைத்தால் ஓவியங்கள் கெட்டுவிடும். ஆகவே பாறையைச் சுற்றி நாலு ஹீட்டர் வைத்தார்கள். ஹீட்டர் சூட்டில் அரங்கம் வெந்ததால் இன்னும் இரண்டு ஏசி மாட்டினார்கள். இரண்டாவது, பிளாஸ்டிக் பாட்டில்களால் ஆன திமிங்கிலம். குப்பையில் பொறுக்கிய பாட்டில்கள் நாற்றமடித்ததால் ஆறாயிரம் புது பாட்டில் தண்ணீர் வாங்கி, தண்ணீரைக் கட்டடத்தின் பின்பக்கம் கொட்டினார்கள். பின்பக்கம் என்றால் எங்கள் தெரு. வெயிலில் எங்கள் தெருவுக்கு வெள்ளம் வந்தது அதுவே முதல் தடவை.

பெரியவரின் பெயரை மாற்றியிருந்தார்கள். 'இயக்கமின்மை – நான்கு: மனிதப் பேராசையின் உறைந்த ஓலம்.' நான் மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாரோட பேராசை?" என்று கேட்டார்.

"போடல."

"நல்லா ஓடுற வண்டியாச்சேப்பா. ஏன் இயக்கமின்மைங்கறாங்க?"

எனக்கும் தெரியவில்லை. எழுத்தெல்லாம் சரியாக இருந்ததால் அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். மன்றத் தலைவர் பேசினார். வெள்ளை உடை, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

"நண்பர்களே, இந்த மன்றம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் வெறும் நீர்தான் இருந்தது. இன்று இங்கே நீரைப் பற்றிய சிந்தனை இருக்கிறது. இது எவ்வளவு பெரிய வளர்ச்சி! வாசலில் இருந்த மூன்று மரங்களை வெட்டினோம். எங்களுக்கு வலித்தது. அந்த வலியிலிருந்து பிறந்ததுதான் 'மூன்று வெற்றிடங்கள்' என்ற படைப்பு. வந்திருப்பவர்கள் தங்கள் கார்களை அதன்மேல் நிறுத்தி அந்த வெற்றிடத்தை உணர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மெக்கானிக் தட்டவில்லை. அவர் பெரியவரைத் தேடிக்கொண்டிருந்தார். நடு அரங்கில், வெள்ளை மேடை மேல், விளக்கு வெளிச்சத்தில் நின்றது. பக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்ட பாதுகாப்பு நிபுணர். மெக்கானிக் பாசமாகத் தடவப் போனார்.

"தொடாதீங்க!"

"என்னுதுங்க."

"படைச்சவரே தொட்டாலும் தொட்டதுதான். நாப்பது நாள் உக்காந்து இதப் பாதுகாத்திருக்கோம். ஒரு சொட்டு ஆயில் ஒழுகாது. ஒரு துளி துரு கூடாது. அழுக்கக்கூட தொடைக்கல, அழுக்கோடவே காப்பாத்தியிருக்கோம். அழுக்குதானே இதோட ஆன்மா!"

"மேல மட்டும்தானுங்களே? உள்ள ஒண்ணும் செய்யலியே?"

கையுறைக்காரர் புன்னகைத்தார். "உள், வெளி என்ற பிரிவினைய நாங்க ஏத்துக்கறதில்ல."

மெக்கானிக் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார். நானும்தான். பெரிய வார்த்தையாகப் பேசினால் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அர்த்தம் என்று நாங்கள் பழகியிருந்தோம்.

மழை மூன்று வாரம் முன்னதாக வந்தது. திங்கட்கிழமை பிடித்தது விடவில்லை. புதன்கிழமை காலையில் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கதவில் சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் பாக்கி. கரண்ட் இல்லை. கடையிலிருந்த மற்ற மோட்டார்கள் எல்லாம் கரண்டில் ஓடுகிறவை.

"மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடறோம் அக்கா" என்றேன்.

"எதுக்கு? அந்த ஒடுங்கின படிக்கட்டுல என்ன மூட்ட மாதிரி இழுக்கவா? நாப்பது சட்ட பாக்கி கெடக்கு. இவன் போயி பெரியவரக் கூட்டிட்டு வரட்டும்" என்றார் அக்கா. ஊசியை நிறுத்தவில்லை. தைத்த சட்டைகளைத் தன் மடிமேலே அடுக்கிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நானும் துணைக்குப் போனேன். அச்சகத்தில் தண்ணீர் புகுந்து விடுமுறை.

மன்றத்தின் வரவேற்பறை காய்ந்து, குளுகுளுவென்று இருந்தது. சுவரில் ஆள் உயர எழுத்தில் 'பருவங்கள் தடம் மாறிவிட்டன! நாட்காட்டியை நம்பாதே!' என்று இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த எழுத்தர் படிவத்தின் ஒன்பதாவது பக்கத்தைப் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"மழைக்காலம் தொடங்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்குதே."

"சார், வெளிய பாருங்க."

"பாத்தேன். அது மழை. நான் சொல்றது மழைக்காலம். மன்றத்தோட நாட்காட்டிப்படி அது ஒண்ணாம் தேதிதான் தொடங்குது."

"மேல எழுதியிருக்கே, நாட்காட்டிய நம்பாதேன்னு!"

எழுத்தர் திரும்பியே பார்க்கவில்லை. "அது படைப்பு. நான் நிர்வாகம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் ஏறாது. மெக்கானிக் கோபப்படவில்லை, தலைவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் நாலு தடவை சொன்னார். ஐயோ மேடம் எங்கள் ஈரக் காலைப் பார்த்து ஓர் ஐயோ சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போனார்.

தலைவர் எழுந்து வந்து மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வாங்க படைப்பாளி! இன்னிக்குக் கூட்டத்தப் பாத்தீங்களா? மழ பேஞ்சதும் பார்வையாளர் மூணு மடங்கு. இந்த நேரத்துல எடுத்துட்டுப் போறேங்கறீங்களே."

"ஐயா, வீட்டுக்குள்ள தண்ணி. அக்காவால நடக்க முடியாது."

தலைவர் கண்ணை மூடினார். ஒரு மூச்சு விட்டார். "உங்க அக்காவுக்காகத்தான் இந்தக் கண்காட்சியே! உங்க அக்கா மாதிரி எத்தன லட்சம் அக்காக்கள்! அவங்க முழுகிடக்கூடாதேன்னு நாங்க ஒவ்வொரு நாளும் எவ்வளவு கவலப்படறோம் தெரியுமா?"

"கவலப்படறதோட அந்த பம்பையும் குடுத்தீங்கன்னா..."

"பம்புன்னு சொல்லாதீங்க. உங்க படைப்ப நீங்களே கொச்சப்படுத்தலாமா?"

மெக்கானிக் தரையில் காலை ஊன்றி எதையோ கவனித்துக்கொண்டிருந்தார். "கீழ மூணு மோட்டார் ஓடுதுங்களே" என்றார். "நடுவுல இருக்கறதுக்கு பேரிங் போயிடுச்சு, சத்தம் வருது."

"பிரமாதம்!" என்றார் தலைவர். "அடித்தளத்துலதான் மத்த படைப்புகள வெச்சிருக்கோம். ஈரம் பட்டா போச்சு. ஜெனரேட்டர் போட்டு, வர்ற தண்ணிய அப்பப்ப வெளியேத்திக்கிட்டே இருக்கோம்."

"எங்க வெளியேத்தறீங்க?"

"வெளியேதான்."

"வெளியேன்னா?"

"வெளியேன்னா வெளியே! கட்டடத்துக்கு வெளியே!" தலைவருக்கு இந்தக் கேள்வி புரியவே இல்லை. மன்றத்துக்கு வெளியே இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, அங்கே கட்டில் போட்டு ஒருவர் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அவர் வரைபடத்திலேயே இல்லை. நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. படைப்பை முன்கூட்டி எடுப்பதற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் அதைத் தானே ஆதரித்துப் பேசுவதாக வாக்குக் கொடுத்தார்.

பின்வாசல் வழியாக வெளியே வந்தோம். ஆள் தொடை அளவுக் குழாய் ஒன்று சுவரைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தபடி நின்றார். பின்வாசல் காவலாளிக்கு அவரை நன்றாகத் தெரியும். காவலாளி வீட்டு மின்விசிறி எப்போதும் எங்கள் தெருவில்தான் ரிப்பேர் ஆகும்.

"என்னண்ணே, தரமாட்டேன்னுட்டாங்களா?" என்றார் காவலாளி. "அந்த அட்டைய மாட்டிக்கிட்டு வந்தா எப்படித் தருவாங்க? கலைஞர்களுக்கு எதையும் எடுத்துட்டுப் போக உரிமை கெடையாது. கழட்டுங்க அத. மெக்கானிக்கா வாங்க. பழுதாப்போன சாமான சர்வீசுக்குக் கொண்டுபோக ஒரு கேட் பாஸ் போதும். நேத்துகூட காபி மெஷின் போச்சு."

மெக்கானிக் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். காவலாளி கேட் பாஸ் புத்தகத்தை நீட்டினார். 'பழுதான பம்பு ஒன்று' என்று மெக்கானிக் எழுதினார். கீழே கையெழுத்து.

"பழுதுன்னு போட்டுட்டீங்க. பொய்தானே?" என்று காவலாளி சிரித்தார்.

"பொய்தாம்பா. மொதத் தடவையா எழுதறேன்."

தள்ளுவண்டியோடு அரங்கத்துக்குள் போனோம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் ஸ்பானர் வைத்திருப்பவனை அந்தக் கட்டடத்தில் யாரும் ஏறிட்டே பார்ப்பதில்லை. ஐயோ மேடம் அங்கேயே நின்று சிலருக்குப் பனிப்பாறையை விளக்கிக்கொண்டிருந்தார். வழி விட்டு நகர்ந்து நின்றார். பெரியவரைத் தூக்கும்போதுதான் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பெரியவரு கொஞ்சம் வெயிட் போட்டுட்டாருப்பா" என்றேன்.

"ஏசில இருந்தாருல்ல" என்றார் மெக்கானிக். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

தெருவுக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. வாசல்களில் நின்றவர்கள் பெரியவரைக் கண்டதும் கத்தினார்கள். மெக்கானிக் டீசல் ஊற்றப் போனார். மூடி திறக்கவில்லை. ஸ்பானரால் தட்டித் திறந்தார். அப்புறம் ஹேண்டிலை மாட்டிச் சுற்றினார். அசையவில்லை. நானும் சேர்ந்து பிடித்தேன். இருவர் சேர்ந்தும் அசையவில்லை. அவர் முகம் மாறியது. பம்பின் முன்தகட்டுத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

தகடு வந்தது. உள்ளே, தண்ணீரைத் தள்ள வேண்டிய சக்கரம், கண்ணாடி மாதிரித் தெளிவான ஏதோ ஒரு பசைக்குள் இறுகி நின்றது. மூலை முடுக்கு விடாமல் ஊற்றி உறைய வைத்திருந்தார்கள். போன வருட வெள்ளத்தில் உள்ளே போன ஓர் இலைகூட அதற்குள் அப்படியே இருந்தது. நரம்பு நரம்பாகத் தெரிந்தது. இனி எந்தக் காலத்திலும் அது அழுகாது.

பெரியவரைப் பற்றி மன்றத்தில் எழுதப்பட்ட அத்தனையிலும் அந்த கேட் பாஸ் ஒன்றுதான் உண்மை.

"டேய்" என்று உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டார். "பெரியவரு இருமலையே?"

மெக்கானிக் தகட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான்தான் உள்ளே போனேன். கட்டில் விளிம்பில் தண்ணீர் ஏறி மெத்தை நனைய ஆரம்பித்திருந்தது. அக்கா சட்டைகள் அத்தனையையும் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கை எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ தெரியாது. தெருவின் சட்டப்படி நாலு பேர் வந்தோம். அந்தப் படிக்கட்டில் மூட்டை மாதிரி இழுத்துத்தான் ஏற்றினோம். பாதி வழியில் மெக்கானிக் வழுக்கியதில் அக்கா கீழே சரிந்து தோள்வரை தண்ணீரில் முங்கி எழுந்தார். சட்டைகள் போய்விட்டன. பட்டன் டப்பா திறந்து, வெள்ளை வெள்ளையாகப் பட்டன்கள் படிக்கு அடியில் மிதந்தன. குழாய் மட்டும் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. சட்டைக் கம்பெனி வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது. இப்போது அவர் என் வீட்டு ஜன்னலோரம் படுத்திருக்கிறார். கை சும்மா இருக்கப் பழகாததால், என் சட்டைப் பட்டன்களை அறுத்து அறுத்துத் திரும்பத் தைக்கிறார். குரல் கம்மிவிட்டது. மெக்கானிக்கை அவர் படைப்பாளி என்று கூப்பிடுவதில்லை. மெக்கானிக் அக்காவின் முகத்தைப் பார்ப்பதும் இல்லை.

கையுறைக்காரர் வந்து பெரியவரைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றி அகற்றப்பட்ட படைப்பில் முன்தகடு திறக்கப்பட்டு, பாதுகாப்புப் பூச்சு சேதமடைந்திருப்பது குறித்து மன்றம் ஆழ்ந்த வேதனை அடைவதாக இருந்தது. பிழையே இல்லாத கடிதம்.

தண்ணீர் வடிந்த மறுவாரம் ஐயோ மேடம் வந்தார். கடிதத்துக்காகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். மெக்கானிக் அப்போதுதான் கதவில் புதுக் கோடு போட்டு முடித்திருந்தார். சிவப்புக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே. பெயிண்ட் காயவில்லை.

"ஐயோ!" என்றார் மேடம். கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். கண் கலங்கியது. "ஐயோ, இத்தன நாள் இந்தக் கதவ நான் பாக்கவே இல்லையே! இந்தச் செவப்பு... இதெல்லாம் யாரு போட்டது?"

மேடத்தின் கை தன்னால் பைக்குள் போய்ப் படிவத்தை எடுத்தது. மெக்கானிக் பிரஷைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் விரித்துக் கதவை மறைத்து நின்றார்.

மேலே ஜன்னலிலிருந்து அக்காவின் கம்மிய குரல் வந்தது.

"தண்ணி போட்டதும்மா. மறுபடியும் வரும். அதுகிட்டயே கையெழுத்து வாங்கிக்கோ."

ஐயோ மேடம் அண்ணாந்து பார்த்தார். பிறகு படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, குறிப்பேட்டை எடுத்து அந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போனார்.

நேற்று அச்சகத்துக்கு அடுத்த கண்காட்சியின் புத்தகம் வந்திருக்கிறது. தலைப்பு, 'தண்ணீரின் கையெழுத்து'. அக்காவின் பெயரும் இல்லை, தெருவின் பெயரும் இல்லை. எழுத்துப்பிழையும் இல்லை. என் மேசை மேல்தான் கிடக்கிறது. நான் இன்னும் அச்சுக்கு அனுப்பவில்லை.